மலையில் ஓடிய கம்ப்யூட்டர் கம்பத்தில் ஏன் நின்றது: குமுளி சர்வீஸ் கடை ஒன்றைப் பற்றி

கம்பத்தில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு மலையேறிக் கேரளத்துக் குமுளிக்குப் போவதா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகலாம், ஆனால் எல்லா வேலைக்கும் அல்ல. விண்டோஸ் போட, கீபோர்டு மாற்ற, பிரின்டருக்கு மை ஊற்ற நம்ம ஊர்க் கடைகளே போதும். கம்ப்யூட்டர் ஓடுகிறது, ஆனால் எப்போது நிற்கும் என்று தெரியவில்லை, நாலு பேரிடம் காட்டினால் நாலு விதமாகச் சொல்கிறார்கள் என்கிற கேஸ் கையில் இருந்தால் மட்டும் பஸ் ஏறுங்கள்.

கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். ஏற்கெனவே மேஜைக்கு அடியில் ஏழெட்டு பெட்டி காத்துக் கிடக்கிறதாம், இன்னும் வந்தால் தாங்காதாம். தேக்கடி ரோட்டில் மசாலாக் கடைகள் வரிசையில், ஒரு மாடிப்படி ஏறினால் இடது பக்கம். ஏலக்காய் வாசம் மாடி வரைக்கும் வரும். அங்கே யாரைக் கேட்டாலும் "கம்ப்யூட்டர் தம்பியா, மேலே" என்று கை காட்டுவார்கள். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். தாத்தா காலத்தில் உத்தமபாளையம் பக்கத்திலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறிய குடும்பம். நம்மிடம் தேனித் தமிழ், உதவிக்கு இருக்கும் பையனிடம் மலையாளம், போனில் கஸ்டமரைத் திட்டும்போது இரண்டும் கலந்து.

என் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். எனக்கு வந்த பெட்டியின் வரலாறு இது. குமுளியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர் துபாய் கிளம்பும்போது விற்றார். ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, எட்டு ஜிபி ராம் ஸ்டிக் நாலு, சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர் மேல் ஒற்றை ஃபேன் வைத்த டவர் கூலர். விலை நியாயமாக இருந்தது. ஓவர்கிளாக் செய்திருக்கிறேன், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறேன் என்பதையும் அவர் மறைக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். ஆறு கோரும் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் ஆறு ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட், ராம் வேகம் 3600. அவர் கடையிலேயே ஒரு முழு ரிசப்ஷன் வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டு, அதாவது எடிட் செய்ததை ஒரே ஃபைலாக எழுதவிட்டுக் காட்டினார். ஒரு தடங்கல் இல்லாமல் முடிந்தது. அவர் பொய் சொல்லவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கம்பத்துக்குக் கொண்டு வந்ததும் வேறு கதை. காலையில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஒழுங்காக வேலை செய்யும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து எக்ஸ்போர்ட் போட்டால் அறுபது, எழுபது சதவீதம் போகும், அப்புறம் நீலத் திரை. சில நேரம் நீலத் திரைகூட இல்லை, சட்டென்று ரீஸ்டார்ட். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கும் நேரத்தில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று எடிட்டர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் வீட்டார் தினம் போன் செய்வார்கள், மாப்பிள்ளை வீட்டார் நேரிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கீழே கம்பத்தில் நான் பார்த்த கடைகளில் ஒன்று விண்டோஸைப் புதிதாகப் போட்டது. இன்னொன்று ராம்தான் என்று ஒரு ஸ்டிக்கை மாற்றியது. மூன்றாவது கடை, போர்டு போய்விட்டது, புதுசாகவே ஒரு செட் எடுத்துவிடுங்கள் என்று கொட்டேஷனே கையில் கொடுத்தது. மூன்று இடத்திலும் ஒரே ஒரு விஷயம் நடக்கவில்லை. பெட்டி அவர்கள் கண் முன்னால் நிற்கும் வரை யாரும் காத்திருக்கவில்லை. குமுளிக் கடைக்கு நான் மதிப்பெண் கொடுப்பது முக்கியமாக இந்த ஒன்றுக்காகத்தான். கோளாறைத் தன் மேஜையில் வரவழைத்துப் பார்க்காமல் இவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதில்லை.

போனவுடன் பெட்டியைத் திறக்கவில்லை. கேள்விதான். எந்த நேரத்தில் நிற்கிறது? எந்த வேலையில் நிற்கிறது? சும்மா பாட்டுக் கேட்கும்போது நின்றிருக்கிறதா? எடிட் ரூமுக்கு மேலே என்ன, இன்னொரு மாடியா, மொட்டை மாடியா? ஏசி உண்டா? கரன்ட் எப்படி? பக்கத்தில் தோட்டத்து மோட்டார் ஓடும்போது லைட் மங்குமா? நான் சொல்லச் சொல்ல ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். டாக்டர்கூட இவ்வளவு கேட்டதில்லை என்று நினைத்துக்கொண்டேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்புறம் மானிட்டரை மாட்டி ஈவென்ட் வியூவரைத் திறந்தார். விண்டோஸ் தன் டைரியை எழுதும் இடம் அது, நமக்கெல்லாம் அங்கே போகும் வழக்கமே இல்லை. அதில் கெர்னல் பவர் 41 என்று நிறைய வரிகள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இது கரன்ட் பிளக்கைப் பிடுங்கினாலும் வரும்ணே. முறையா ஷட்டவுன் ஆகலைங்கிறதுதான் இதுக்கு அர்த்தம், ஏன்னு சொல்லாது" என்றார். பெட்டிக்குள் கரன்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்தான் போச்சு என்று இந்த 41ஐ மட்டும் வைத்துச் சொல்பவர்கள் நிறைய உண்டு. அவர் தேடியது வியா லாகர் என்ற பெயரில் 18ஆம் எண். பிராசஸரே "என்னால் இந்தக் கணக்கைச் சரியாகப் போட முடியவில்லை" என்று புகார் கொடுத்தால்தான் அந்த வரி விழும். நீலத் திரையில் வியா அன்கரெக்டபிள் எரர் என்று வருவதும் இதே குடும்பம்தான். ஒவ்வொரு வரியையும் திறந்தால் எந்த கோரிலிருந்து வந்தது என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. எல்லா வரியிலும் கிட்டத்தட்ட ஒரே எண். "விண்டோஸ் கெட்டிருந்தா ஆள் மாறி மாறி அழுவான். இங்க ஒரே ஆள்தான் அழுறான்" என்றார். அந்த நிமிஷமே விண்டோஸும் போர்டும் சந்தேகப் பட்டியலில் கீழே இறங்கிவிட்டன.

சரி, கண்டுபிடித்துவிட்டார், இனி சரிசெய்து தந்துவிடுவார் என்று நான் எழுந்தேன். "பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்று உட்கார வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி முழுக்க பிரைம்95 ஓடியது. பிராசஸருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல் கணக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும் புரோகிராம் அது. பெரிய பிரைம் எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு கணக்கின் விடையையும் சரிபார்த்துக்கொண்டே போவதால் ஓவர்கிளாக் செய்பவர்கள் அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். காலையில் போன் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளை மாதிரி, என் பெட்டி குமுளியில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு கடையாக இருந்தால் "ஒண்ணுமில்லை, எடுத்துட்டுப் போங்க" என்று ஐந்நூறு ரூபாய் வாங்கியிருப்பார்கள்.

இவர் கேட்டது வேறு. "அண்ணே, மத்தியானம் மூணு மணிக்கு உங்க எடிட் ரூம்ல என்ன சூடுன்னு பார்த்து அனுப்புங்க." வீட்டில் குழந்தைக்கு வாங்கிய டிஜிட்டல் கடிகாரத்தில் வெப்பமானி இருந்தது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, 37 காட்டியது. போட்டோ எடுத்து அனுப்பினேன். அவர் கடைச் சுவரில் மாட்டியிருந்ததில் 21. வித்தியாசம் பதினாறு. கூலரும் ஃபேனும் பிராசஸரை அறையின் காற்றை விடக் குளிர்ச்சியாக ஆக்க முடியாது. அறை எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவும் உள்ளே ஏறும். அவர் கடையில் எக்ஸ்போர்ட் ஓடும்போது 74 டிகிரி காட்டிய பிராசஸர், என் அறையில் 90இல் நிற்கும். இந்தச் சிப்புக்கு, அதைச் செய்யும் ஏஎம்டி கம்பெனி வைத்திருக்கும் எல்லை 95.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்த்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மசாலாக் கடையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை வாங்கி வந்து பிரித்தார். என் கம்ப்யூட்டரின் முன்பக்கம் காற்று இழுக்கும் ஜாலி இருக்கிறதல்லவா, அதன் அளவுக்குக் கத்தரித்து செலோ டேப்பில் ஒட்டினார். முழுவதும் மூடவில்லை, கீழே இரண்டு விரல் இடம் விட்டார். பக்கத்துப் பலகையை மாட்டி மூடினார். பிரைம்95ஐ மறுபடி ஓடவிட்டு, பக்கத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற புரோகிராமில் சூட்டைப் பார்த்துக்கொண்டே டீ சொன்னார். 78. 81. டேப்பை ஒரு பக்கம் பிரித்து கொஞ்சம் இறக்கி ஒட்டினார். 85. "இப்ப நீங்க கூடலூர் தாண்டிட்டீங்க" என்றார். 88. உதவிப் பையன் "சேட்டா, புகை வருமோ?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அது என் பெட்டி. 90ஐத் தொட்டுச் சில நிமிஷத்தில் கோருக்கு இரண்டாகத் திரையில் ஓடிய பன்னிரண்டு வரிசையில் ஒன்று மட்டும் ஹார்ட்வேர் ஃபெயிலியர் என்று எழுதி நின்றது. மற்றவை ஓடிக்கொண்டிருந்தன. நின்றது எந்த கோர் என்று பார்த்தால், ஈவென்ட் வியூவரில் அழுத அதே ஆள். டீ வருவதற்குள் நீலத் திரையும் வந்துவிட்டது.

"கம்பம் வந்தாச்சு" என்றார்.

அட்டையைப் பிய்த்தெடுத்துவிட்டு, வேகம், வோல்ட் எல்லாம் மாற்றும் பயாஸுக்குள் போனார். அங்கே அவர் வேலை செய்யும் முறை எனக்குப் பிடித்தது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். முதலில் ராமை மட்டும் சாதாரண வேகத்துக்கு இறக்கிவிட்டு, பிராசஸரை 4.2இலேயே வைத்து மறுபடி அட்டை வித்தை. அதே கோர், அதே தவறு. ஆக ராம் இல்லாமலேயே இந்தக் கோளாறு வருகிறது என்பது உறுதி. அடுத்து பிராசஸரை அதன் பிறவி அமைப்புக்கு, அதாவது ஆட்டோவுக்கு, விட்டுவிட்டு அதே சோதனை. 90 வரை ஏற்றவே முடியவில்லை. அட்டையை முழுசாக மூடிப் பார்த்தும் தவறில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் பெட்டி சரியாகியிருக்கும், ஆனால் எது செய்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

ஏன் இப்படி என்று கேட்டேன். இந்த இடத்தில் அவர் பேசியதை என் மொழியில் சுருக்குகிறேன். சிப் சூடாக ஆக, அதே வேகத்தில் தவறில்லாமல் ஓட அதற்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் வேண்டியிருக்கும். பழைய சொந்தக்காரர் 1.35 வோல்ட் என்று நிலையாகக் கட்டிவைத்தது குமுளிக் குளிரில் சோதித்துப் பார்த்து. அந்தக் குளிருக்கு அது போதும், அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கம்பத்துச் சூட்டுக்குப் போதவில்லை. சரி, வோல்ட்டைக் கூட்டினால்? வோல்ட்டைக் கூட்டினால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் வோல்ட் கேட்கும். சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், ஆனால் வோல்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். டைரியில் கணக்குப் போட்டே காட்டினார். இந்தச் சிப்பைச் சும்மா விட்டால் எல்லா கோரும் ஓடும்போது 3.95 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில், 1.25 வோல்ட் அளவில் நிற்கிறது. 4.2க்கும் 1.35க்கும் போனால் வேகம் ஆறு சதவீதம் கூடுகிறது, மின்சாரம் கால் பங்கு கூடுகிறது. ஆறு கொடுத்து இருபத்தைந்து வாங்குகிறது. போதாக்குறைக்கு, கையால் வேகத்தைக் கட்டிவிட்டால் ஏஎம்டி வைத்திருக்கும் வேலியும் வேலை செய்யாது. 65 வாட் என்று ஏஎம்டி சொல்லும் இந்தச் சிப்பை சாதாரணமாக 88 வாட்டுக்கு மேல் போகவிடாமல் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஓவர்கிளாக் போட்டதும் அது விலகிக்கொள்கிறது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் ராம் தனிக்கதை. பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டு, விண்டோஸ் இல்லாமலே பூட் செய்து ராத்திரி விட்டார். பிராசஸர் ஆட்டோவில், ராம் பழையபடி 3600இல். காலையில் பார்த்தால் சிவப்பு வரிகள். பெட்டியைத் திறந்து ஸ்டிக்குகளைக் கழற்றி லேபிளைப் படித்தார். மூன்று ஒரே ஜாதி, 3600க்கானவை. நான்காவது, கீழே ஒரு கடையில் மாற்றிக் கொடுத்தது, 3200க்கானது. பயாஸில் 3600 என்று பழைய அமைப்பு அப்படியே இருக்க, புது ஸ்டிக்கும் அந்த வேகத்தில் ஓட வேண்டிய கட்டாயம். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்து இருக்கிற நோயோடு இன்னொன்றைச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள்.

ராமை அதன் பாக்கெட்டில் போட்ட வேகத்துக்கு ஏற்ற எக்ஸ்எம்பி என்று பயாஸில் ஒரு பட்டன் இருக்குமே, அதை அழுத்துவதும் ஓவர்கிளாக்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பாக்கெட்டில் 3600 என்று அச்சடித்திருப்பது ராம் கம்பெனியின் வாக்கு. பிராசஸர் கம்பெனி இந்தத் தலைமுறைக்குச் சொல்வது இரண்டு ஸ்டிக்குக்கு 3200. நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் ஒற்றை ரேங்க் (சிப்கள் ஒரே தொகுதியாக இருக்கும்) ஸ்டிக்குகளுக்கு 2933தான். அதற்கு மேல் ஓடினால் நம் அதிர்ஷ்டம். அவர் 2933இல் வைத்து மெம்டெஸ்டை மறுபடி ஓடவிட்டார், ஒரு சிவப்பு வரிகூட இல்லை. புது ஸ்டிக் வாங்கச் சொல்லவே இல்லை. வீடியோ வேலைக்கு அந்த வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது என்றார். எனக்கும் தெரியவில்லை.

அப்போது அவர் கேட்ட ஒரு கேள்விதான் என் வயிற்றைக் கலக்கியது. "அந்த ஸ்டிக் மாத்தினதுக்கு அப்புறம் கேமரா கார்டுல இருந்து காப்பி பண்ணின ஃபுட்டேஜ் எல்லாம் பார்த்தீங்களா?" ராம் தப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் நிற்பது ஒரு வகையில் நல்லது, குறைந்தபட்சம் நமக்குத் தெரிகிறது. நிற்காமல், காப்பி ஆகும் ஃபைலில் ஒரு பிட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்? காப்பி முடிந்தது என்றுதான் திரையில் வரும். நல்லவேளை, அந்த மாதக் கார்டுகளை இன்னும் ஃபார்மேட் பண்ணாமல் வைத்திருந்தேன். கார்டில் உள்ளதையும் ஹார்ட் டிஸ்கில் உள்ளதையும் ஹாஷ் போட்டு, அதாவது ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்ணை எடுத்து, ஒப்பிடச் சொல்லிக் கொடுத்தார். பெரும்பாலும் சரியாக இருந்தது. ஒரு முகூர்த்தக் காட்சியில் மட்டும் ஒத்துப்போகவில்லை. ஓட்டிப் பார்த்தால் தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் திரையின் ஓரத்தில் பச்சைக் கட்டம் ஒன்று ஒரு கணம் வந்து போகிறது. எடிட்டிங்கில் அதைப் பார்த்தபோது கேமரா கார்டு கோளாறு என்று நினைத்திருந்தேன். கார்டில் அது இல்லை. கல்யாண வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால், மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. பெட்டி தகராறு செய்யும் காலத்தில் காப்பி பண்ணியதை நம்பிக் கார்டை அழிக்காதீர்கள்.

கைவேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும் என்று கூலரைக் கழற்ற முடிவு செய்தார். இந்தத் தலைமுறை ரைசனில் பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும், ஆயிரத்து முந்நூற்றுக்கு மேல். பேஸ்ட் இறுகியிருந்தால் கூலரை மேலே இழுக்கும்போது சாக்கெட்டோடு பூட்டியிருக்கும் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளைந்தால் கதை முடிந்தது. அவர் முதலில் பெட்டியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடேற்றினார். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரின் ஸ்க்ரூக்களைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். அப்புறம் இழுக்கவே இல்லை. கூலரை இரண்டு கையால் பிடித்து, இட்லித் தட்டைத் திருகுவது போலவும் இல்லாமல், இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று அசைத்துக்கொண்டே இருந்தார். ஒரு சின்னச் சத்தம் வந்தது, பேஸ்ட் விட்ட சத்தம். கூலர் தனியாக வந்தது, பிராசஸர் சாக்கெட்டிலேயே இருந்தது. நான் அது வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பேஸ்ட் சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்து, பயறளவு புதுசு வைத்து மாட்டினார். பெட்டியின் பின்பக்கம் காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன் சேர்த்தார், முன்பு அது இல்லவே இல்லை.

பணம். பார்ப்பதற்கு ஐந்நூறு முன்னாலேயே வாங்கிவிடுகிறார், கோளாறு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. ஃபேன், பேஸ்ட், வேலை எல்லாம் சேர்த்து என் பில் 1,850 ரூபாய். போர்டு, பிராசஸர் என்று கீழே கொடுத்த கொட்டேஷன் இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். ஜிபே உண்டு. பில் கேட்டால்தான் தருவார்.

குறைகள் இல்லாமல் இல்லை. போனை எடுக்க மாட்டார். வாட்ஸாப்பில் அனுப்பினால் ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வரும். சொன்ன நாளில் தருவது அவர் அகராதியில் கிடையாது. ஓடவிட்டுப் பார்க்கிறேன் என்று இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு ராத்திரி என்று இழுப்பார். வேலை செய்யும் முறை அப்படி என்று எனக்குப் புரிகிறது, முகூர்த்த சீசனில் என் கஸ்டமருக்குப் புரியாதே. மாற்றுப் பெட்டி தருவதில்லை. கடையில் உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதில் எப்போதும் யாருடைய லேப்டாப்போ இருக்கும். விடலைப் பையன்கள் யாராவது "ப்ரோ, எனக்கு ஓவர்கிளாக் பண்ணிக் கொடுங்க" என்று வந்தால் முகத்தில் அடித்த மாதிரிப் பேசுகிறார். நான் இருந்தபோதே கட்டப்பனையிலிருந்து வந்த ஒரு காலேஜ் பையனைத் திருப்பி அனுப்பினார். அந்தப் பையன் கேட்டதில் தப்பில்லை, பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

ஓவர்கிளாக்கே கூடாது என்கிற ஆள் இல்லை அவர். தன் சொந்தப் பெட்டியில் செய்து வைத்திருக்கிறார். தொழில் பெட்டியில் வேண்டாம் என்பதுதான் அவர் கட்சி, இப்போது என் கட்சியும். நானும் வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் எடுக்கும் எக்ஸ்போர்ட்டில் 4.2க்கும் ஆட்டோவுக்கும் வித்தியாசம் மூன்றரை நிமிஷம். அதுவும் பாதியில் நிற்காமல் முடிந்தால். ஒரு தடவை எழுபது சதவீதத்தில் நின்றால் போன நேரத்தைத் திரும்ப எடுக்க எத்தனை கல்யாணம் எக்ஸ்போர்ட் பண்ண வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். விளையாடுபவர்கள் கதை வேறு, அவர்களுக்கு நின்றால் ஒரு ஆட்டம் போகும், அவ்வளவுதான்.

இப்போது பெட்டி அதே அறையில், அதே மொட்டை மாடிக்குக் கீழே, மூன்று மணி வெயிலில் எழுபதுகளின் நடுவில் ஓடுகிறது. ஆனி, ஆடி தாண்டிவிட்டது, நீலத் திரை வரவில்லை. ஈவென்ட் வியூவரை அவ்வப்போது திறந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. 18ஆம் எண் இல்லை. 19 என்று ஒன்று வந்தால் சொல்லச் சொல்லியிருக்கிறார், அது தவறு நடந்து சிப்பே திருத்திக்கொண்டதற்கான குறிப்பு, நிற்பதற்கு முந்திய எச்சரிக்கை மாதிரி. அதுவும் இது வரை இல்லை.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். போனை எடுத்தால் நாலரை.

போகிறவர்களுக்கு: திங்கள்கிழமை போகாதீர்கள், ஞாயிறு சேர்ந்த வேலையில் ஏறிட்டுக்கூடப் பார்க்க மாட்டார். மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை கதவு சாத்தியிருக்கும். மானிட்டர், கீபோர்டு வேண்டாம், பவர் கார்டு மட்டும் உங்களுடையதைக் கொண்டு போங்கள், அதிலும் கோளாறு இருக்கலாம் என்று கேட்பார். நான் போன பஸ் எல்லைக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டது, அங்கிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், ஆட்டோக்காரர்கள் தேக்கடி ரேட் சொல்வார்கள், பேரம் பேசுங்கள். செக்போஸ்டில் என்ன பெட்டி என்று கேட்டால் ரிப்பேர் என்று சொன்னால் போதும், திறந்து காட்டச் சொன்னாலும் காட்டிவிடுங்கள். லோயர் கேம்ப் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள், பெட்டி குலுங்கும். கிராஃபிக்ஸ் கார்டு கனமாக இருந்தால் அதை மட்டும் கழற்றித் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியை போர்டு அடியில் இருக்கும்படி படுக்கப் போடுங்கள். டவர் கூலரும் அப்போதுதான் தொங்காது.